முதலில் சாப்பாடு, அப்புறம் பழைய கதை

கேள்வி:

என் மகளுக்கு 15 வயது. பகலில் ஏதாவது சாக்குச் சொல்லிச் சாப்பாட்டைத் தட்டிக்கழிக்கிறாள். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் நின்றபடி கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுகிறாள். பிறகு குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. போன வாரம் அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு பை நிறைய பிஸ்கட், சாக்லேட் காலிக் கவர்கள் கிடைத்தன. அவற்றைச் சாப்பாட்டு மேஜையில் கொட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. எடை குறையவில்லை என்பதால் டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா என்றும் தெரியவில்லை.

அவளுடைய அப்பா குடித்துவிட்டு வந்து சாப்பாட்டு நேரத்தில்தான் சண்டை போடுவார், தட்டைத் தூக்கி எறிவார். அவளுக்கு 9 வயதானபோது பிள்ளைகளோடு பிரிந்து வந்துவிட்டேன். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. ஆனால் இன்றும் யாராவது நாற்காலியைத் தரையில் இழுத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறாள். எனக்கும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடப் பிடிப்பதில்லை, நின்றபடியே முடித்துக்கொள்வேன். அன்று நடந்ததுதான் இப்போது இப்படி வருகிறதா? அப்படியென்றால் இத்தனை வருடம் கழித்து ஏன்? அவளிடம் பழையதைக் கேட்கலாமா? அவளைவிட மூன்று வயது சின்னவனான மகன் நன்றாகச் சாப்பிடுகிறான், அவனால் ஒரு தொந்தரவும் இல்லை. நான் இன்னும் முன்னாலேயே வெளியே வந்திருக்க வேண்டுமோ என்று நினைத்து நினைத்துத் தூக்கம் வருவதில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டாக்டரைப் பார்க்க வேண்டும், இந்த வாரமே. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

எடை குறையவில்லையே என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. இதே காரணத்தால்தான் பல பிள்ளைகளுக்கு உதவி தாமதமாகிறது. உணவுக் கோளாறு என்றதும் எலும்பும் தோலுமான ஒரு பெண்தான் நம் நினைவுக்கு வருகிறாள். ஆனால் ஒரேயடியாக அளவின்றிச் சாப்பிடுவதும், பிறகு அதை வெளியேற்ற முயல்வதும் மாறி மாறி வரும் புலிமியாவில் பெரும்பாலோரின் எடை பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். கடிதத்தை மட்டும் வைத்து உங்கள் மகளுக்கு இன்னதுதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் சத்தத்துக்குப் பின்னால் அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று வைத்துக்கொண்டே நாம் நடக்க வேண்டும். அடிக்கடி வாந்தி எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் என்ற உப்பு குறையும். அது குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். ஆகவே ரத்தத்தில் உப்புகளின் அளவு, ஈசிஜி, படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும், இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். பல் கூச்சம், காதுக்குக் கீழே கன்னம் உப்புவது, விரல் முட்டியில் காய்ப்பு இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். முடிவெல்லாம் நார்மல் என்று வந்தால் நல்லதுதான், ஆனால் பிரச்சினையே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடப்பு நிற்காவிட்டாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி ஏதாவது பேசினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாற்காலி இழுபடும் சத்தத்தைப் பற்றி எழுதினீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் சொன்னது அந்த வரிதான். ஒரு குழந்தை பல வருடங்களாகப் பயத்தோடு உட்கார்ந்த இடம் சாப்பாட்டு மேஜை. நாற்காலி பின்னால் நகர்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். அப்பா இப்போது இல்லை, ஆபத்து இல்லை என்று அவள் அறிவு சொல்லும். ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அறிவு வந்து சேர்வதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வயிறு இறுகும். பயத்தில் உடம்பு ஓடவோ ஒளியவோ தயாராகிறது. அந்த நேரத்தில் செரிமானம் பின்னால் தள்ளப்படும், பசி அடங்கிவிடும். அந்தத் தருணம் கடந்த பிறகு, கார்டிசால் என்ற ஹார்மோனின் வேலையால், பலருக்கு இனிப்பும் கொழுப்பும் உள்ளவற்றின் மீது பசி திரும்பி வரும். மேஜையில் ஒரு வாய் இறங்காதவள் நடுராத்திரியில் தனியாக நின்று சாப்பிடுவதை இப்படிப் பாருங்கள். அது பேராசையும் இல்லை, திருட்டும் இல்லை. அவளுக்குச் சாப்பிடப் பயமில்லாத ஒரே நேரம் அதுவாக இருக்கலாம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பசி, வயிறு நிறைந்த உணர்வு, கோபம், துக்கம், பயம், இவையெல்லாம் உடம்புக்குள்ளிருந்து வரும் தகவல்கள். எது எது என்று பிரித்தறிய ஒரு குழந்தை அமைதியான சூழலில்தான் கற்றுக்கொள்கிறது. ஹில்டே ப்ரூக் என்ற மனநல மருத்துவர், போன நூற்றாண்டில் இந்தக் கோளாறுகளைப் பற்றி ஆழமாக எழுதியவர், தன்னிடம் வந்தவர்களில் பலருக்குத் தங்கள் பசியையே அடையாளம் தெரியவில்லை என்பதைக் கவனித்தார். ட்ராமாவுக்கு, அதாவது மனதில் ஆறாத காயம் விட்டுப்போகும் பயங்கர அனுபவத்துக்கு, ஆளான பிள்ளைகளிடம் நானும் இதை அடிக்கடி பார்க்கிறேன். "பசிக்குதா?" என்று கேட்டால் உண்மையிலேயே அவர்களுக்குப் பதில் தெரியாது. வயிற்றில் ஏதோ செய்கிறது, அவ்வளவுதான் தெரியும். பசியா, பயமா, அழுகையா என்பது தெரியாது. அளவின்றிச் சாப்பிடும்போது அந்த 'ஏதோ' சற்று நேரம் மரத்துப்போகிறது. வாந்தி எடுத்தபின் இறுக்கம் தளர்ந்த மாதிரி இருக்கிறது. அப்புறம் வெட்கம் வருகிறது. அந்த வெட்கத்துக்குத் தண்டனையாக மறுநாள் பட்டினி. பட்டினி கிடந்த உடம்பு இரவில் மறுபடி சமையலறைக்கு இழுத்துப்போகிறது.

அன்று நடந்ததுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு முக்கியமான காரணமாக இருக்கலாம், ஆனால் அது ஒன்றே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1980-களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் உடல் எடைக் குறைப்பு சிகிச்சை நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர், எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே சிகிச்சையை விட்டுப் போவதைப் பார்த்துக் குழம்பினார். உட்கார்ந்து பேசியபோது அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. சிலருக்கு அந்த எடையே ஒரு பாதுகாப்பாக இருந்தது. அதைத் தொடர்ந்து ராபர்ட் ஆண்டா என்பவரோடு சேர்ந்து அவர் நடத்திய பெரிய ஆய்வு 1998-ல் வெளிவந்தது. சிறுவயதில் அடி, அவமானம், வீட்டுக்குள் வன்முறை, பெற்றோரின் குடி என்று எத்தனை வகைத் துன்பங்கள் சேர்கின்றனவோ, அந்த அளவுக்குப் பெரியவர்களான பிறகு உடல், மன நோய்களின் வாய்ப்பும் கூடுகிறது என்று அது காட்டியது. உணவுக் கோளாறுகளைத் தனியாக ஆராய்ந்தவர்களும் இந்தத் தொடர்பைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். குறிப்பாக, அளவின்றிச் சாப்பிடுவதும் வாந்தியும் உள்ள வகைகளில் இந்தத் தொடர்பு வலுவாகத் தெரிகிறது. கையால் அடிப்பது மட்டும் இதில் அடங்காது. திட்டு, மிரட்டல், அடுத்தவர் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எல்லாமே கணக்கில் வரும்.

அதே நேரம், இப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்த பெரும்பாலான பிள்ளைகளுக்கு உணவுக் கோளாறு வருவதில்லை. எந்தத் துன்பமும் காணாத பிள்ளைகளுக்கும் வருகிறது. மரபணுவுக்கு இதில் கணிசமான பங்கு உண்டு. எதையும் அளவுக்கு மீறிச் சரியாகச் செய்ய நினைக்கும் சுபாவம், ஒல்லிதான் அழகு என்று நாள் முழுக்க போனில் ஓடும் படங்கள், உடம்பைப் பற்றி யாரோ போகிறபோக்கில் அடித்த கமெண்ட், 'சும்மா ஒரு டயட்' என்று ஆரம்பித்தது, இப்படிப் பலதும் சேர்ந்துதான் ஒரு பிள்ளை இங்கே வந்து நிற்கிறது. இதை உங்களை ஆறுதல்படுத்தச் சொல்லவில்லை. ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டால் சிகிச்சையும் அந்த ஒரே திசையில் போய் மாட்டிக்கொள்ளும் என்பதால் சொல்கிறேன்.

இத்தனை வருடம் கழித்து ஏன் என்றால், வயதுதான். உணவுக் கோளாறுகள் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்ம வயதில். உடம்பு கேட்காமலே மாறுகிறது, உணர்ச்சிகள் வேகமெடுக்கின்றன, அவற்றை நிதானப்படுத்தும் மூளைப் பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சின்ன வயதில் தன்னால் ஒன்றையும் தடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு, தன் வாய்க்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்பது மட்டுமாவது தன் கையில் இருப்பது பெரிய நிம்மதியாகத் தெரியும். இன்னொன்றும் உண்டு. ஆபத்து நடக்கும்போது பிள்ளைகள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிடுவார்கள். கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்த பிறகுதான் அந்தப் பிடி தளரும். வீடு அமைதியான பிறகு இது வெளியே வந்ததைப் பார்த்து நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள்.

பழையதைக் கேட்கலாமா என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே கடினமான கேள்வி. நான் சொல்வது இது: முதலில் சாப்பாடு, அப்புறம்தான் பழைய கதை. கை உடைந்து வந்த பிள்ளைக்கு முதலில் கட்டுப் போடுவோம், எந்த மரத்தில் ஏறினாய் என்ற விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்வோம். இங்கும் அதே வரிசைதான். இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. பட்டினி என்பதே மனதைக் கலைத்துப்போடும். இரண்டாம் உலகப்போர் முடியும் காலத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர், உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். எடையில் ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது அவர்கள் மனதுக்கு நடந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காத நிலை. மறுபடி தாராளமாக உணவு கிடைத்தபோது சிலரால் வயிறு முட்டிய பிறகும் நிறுத்த முடியவில்லை. மனம் திடமாக இருந்தவர்களையே பட்டினி இப்படிச் செய்தது என்றால், பகல் முழுக்க வெறும் வயிற்றோடு இருக்கும் உங்கள் மகளிடம் போய் வாழ்க்கையிலேயே பயங்கரமான நினைவுகளைப் பேசு என்பது நியாயமா? அந்த மூளையால் அதைத் தாங்க முடியாது. கிளறிவிட்டால் அன்று ராத்திரியே சமையலறையில் அதன் விளைவு தெரியும்.

அதற்காகப் பழையதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்றும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாருமே பேசாவிட்டால், அது தன்னால் வந்தது என்றுதான் பிள்ளை நினைக்கும். காரில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ, முகத்துக்கு நேரே உட்காராமல், ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்: "அப்போ சாப்பாட்டு நேரம்னாலே உனக்குப் பயமா இருந்திருக்கும். அதுல உன் தப்பு எதுவுமே இல்லை. எப்போ பேசணும்னு தோணுதோ அப்போ சொல்லு, நான் கேட்கிறேன்." அவ்வளவு போதும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அவள் 'ம்' என்றுகூடச் சொல்லாமல் போகலாம், பரவாயில்லை. நமக்குத் தெரியாமல் இன்னும் ஏதோ நடந்திருக்குமோ என்று தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். ஒருவேளை அவளாகவே, யாரோ தவறாக நடந்துகொண்டதாக ஏதாவது சொன்னால், நம்புங்கள். "ஏன் அப்போவே சொல்லல?" என்ற கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். பல நாடுகளில் மருத்துவர்கள் அதைப் புகார் செய்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

கவர்களை மேஜையில் கொட்டியது பற்றி. பயத்தில் செய்தீர்கள், எந்தத் தாயும் செய்திருப்பாள். ஆனால் அவள் இருந்த இடத்திலிருந்து பாருங்கள்: மறுபடி அதே மேஜை, மறுபடி குரல் உயர்ந்த ஒருவர், மறுபடி பதில் சொல்ல முடியாத அவள். சுருக்கமாக ஒரு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். "அன்னிக்கு நான் கேட்ட விதம் சரியில்லை, பயந்துட்டேன்" என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம்.

அடுத்தது அந்த மேஜை. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடியோ தடித்த துணியோ மாட்டுங்கள், இன்றைக்கே செய்யலாம். மேஜையை வேறு பக்கம் திருப்பிப் போடுங்கள், கதவைப் பார்த்து உட்கார்ந்தால் அவளுக்கு நிம்மதியா என்று கேளுங்கள். கொஞ்ச நாளைக்குத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால்கூடத் தப்பில்லை. அப்புறம், நீங்களும் உட்காருங்கள். இது உங்களுக்கு எளிதல்ல என்று தெரியும். நீங்கள் நின்றபடி முடித்துக்கொள்வதும் அதே இடத்திலிருந்து வந்ததுதானே. ஆனால் அம்மா உட்காராத மேஜை இன்னும் ஆபத்தானதுதான் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்வாள்.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று முறை சிறு உணவு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். பசிக்கிறதா என்று கேட்டுப் போடாதீர்கள், அவள் பசி இப்போதைக்கு நம்பகமான வழிகாட்டி இல்லை. கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். இரவுப் பசியை அடக்க வழி பகல் சாப்பாடுதான், சமையலறைப் பூட்டு இல்லை. மேஜையில் எடை, கலோரி, யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்ற பேச்சே வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் அவளோடு இருங்கள். காவல் மாதிரி இருக்கக்கூடாது. ஏதாவது பார்க்கலாம், விளையாடலாம், சும்மா பக்கத்தில் இருக்கலாம். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்குப் பெரிய போராட்டம். அதையும் மீறி வாந்தி எடுத்தால் திட்டாதீர்கள். தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், உடனே பல் தேய்க்க வேண்டாம், அமிலத்தோடு சேர்த்துத் தேய்த்தால் எனாமல் இன்னும் போகும். எப்போதாவது நாள்கணக்கில் ஒன்றுமே சாப்பிடாமல் எடை சட்டென்று இறங்கினால் நீங்களாக நிறையக் கொடுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று அதிகம் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது மருத்துவர் மேற்பார்வை கட்டாயம்.

மனநல சிகிச்சைக்குப் போகும்போது, உணவுக் கோளாறு, ட்ராமா இரண்டிலும் அனுபவம் உள்ளவரா என்று நேரடியாகக் கேளுங்கள். பதின்ம வயதினருக்கு நல்ல பலன் தருவதாகத் தெரிந்திருக்கும் குடும்பம் சார்ந்த சிகிச்சை முறை 1980-களில் லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் வளர்ந்தது. அதில் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலம் பெற்றோர் எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பார்கள். உங்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: அந்த மேஜையில் அவளைப் பயமுறுத்தியவர் இருக்கக்கூடாது. "அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, குடும்பம் முழுசா இருக்கணும்" என்று யாராவது சொன்னால், நடந்ததை விளக்கி மறுத்துவிடுங்கள். சாப்பாடு ஓரளவு நிலைப்பட்டதும் ட்ராமாவுக்கான சிகிச்சையைத் தொடங்கச் சொல்லுங்கள். அதைத் தள்ளிக்கொண்டே போகவும் கூடாது, வாந்தி மட்டும் நின்றால் போதும் என்று நிறுத்திவிட்டால் அந்தப் பயம் வேறு வடிவத்தில் வரும்.

முன்னாலேயே வெளியே வந்திருக்க வேண்டுமோ என்று கேட்டிருந்தீர்கள். உணவுக் கோளாறு என்றாலே தாயைக் குற்றவாளியாக்கிய ஒரு காலம் மருத்துவத்திலும் இருந்தது, அதை இந்தத் துறை கைவிட்டுவிட்டது. தட்டை எறிந்தவர் நீங்கள் இல்லை. இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர் நீங்கள். தூக்கம் வராத இரவுகளுக்கு நீங்களும் ஒரு கவுன்சிலரைப் பாருங்கள். மகளுக்காக மட்டும் இல்லை, உங்களுக்காகவும்.

கடைசியாக மகன். நன்றாகச் சாப்பிடுகிறான், தொந்தரவே இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவனும் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தான். உணவுக் கோளாறு பையன்களுக்கும் வரும். அவர்களிடம் பெரும்பாலும் யாரும் தேடுவதில்லை என்பதால் தாமதமாகத் தெரிகிறது. அவன் எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறான், முதல் ஆளாக எழுந்து ஓடுகிறானா, அக்காவின் தட்டையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறானா என்று கொஞ்சம் கவனியுங்கள். அக்காவுக்கு என்ன என்று அவன் கேட்டால் மறைக்காமல், அவன் வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். மகளின் சிகிச்சை தொடங்கியதும் அவனையும் ஒருமுறை அதே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.